கஞ்சாவும் குடும்பப் பழியும்

(உத்திரமேரூரில் நடந்த பஞ்சாயத்து உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டை நாம் அனைவரும் அறிவோம். குடவோலை முறையில், கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி அவருடைய உறவினரும் வாரியத்திற்கு வரலாகாது என்று அது விதித்தது. பொதுப் பணத்தைக் காக்க எழுந்த விதி அது. கஞ்சா விஷயத்திலும் நாம் உறவினரையே தண்டிக்கிறோம். “அப்பன் கஞ்சா அடிப்பவன், பிள்ளை மட்டும் உருப்படுமா?” என்று திண்ணையிலேயே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். இது தகாது.

பரம்பரைக்குப் பங்கில்லை என்று நாம் கூறவில்லை. கஞ்சாவுக்கு அடிமையாகும் தன்மையில் மனிதரிடையே காணும் வேற்றுமையில் ஏறத்தாழப் பாதி மரபணுக்களைச் சார்ந்தது என்பது இரட்டையரை ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. ஆயினும் அது தலைவிதியன்று.

நெற்பயிரின் குலைநோயை எண்ணிப் பாருங்கள். சில ரகங்கள் அந்நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். எனினும் பூசணம் வாராவிடில் நோயில்லை. பூசணம் வந்தாலும், யூரியா மிகுதியாக இட்ட வயலிலும் பனி மிகுந்த நாட்களிலுமே அது பெருகுகிறது. கஞ்சா அந்தப் பூசணம். பிள்ளைகள் படும் அடி உதை, வசை, தகாத தொடுதல், தாய் தந்தையர் பிரிவு ஆகியவையே அந்த யூரியாவும் பனியும். இத்தகைய துன்பங்களில் நான்கையோ அதற்கு மேலோ சிறு வயதில் பட்டவர்களுக்கு, ஒன்றும் படாதவர்களைவிட, குடி, போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகிய கேடுகள் 4 முதல் 12 மடங்கு மிகுதி என்று 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிற்று.

மனிதரில் ரகத்தை மாற்ற இயலாது. வயலைப் பேண இயலும். பள்ளிக்கு வாராது நின்ற பிள்ளையின் வீட்டிற்கு உறுப்பினர் ஒருவர் நேரிற் செல்லட்டும். அடிபடும் குழந்தைக்காக 1098 என்ற எண்ணை அழைப்போம். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைத் தவறாது கூட்டுவோம். ஆனால் அப்பிள்ளைகளின் பெயரை ஊரறியக் கூறவேண்டாம். விற்பவனைப் போலீசாருக்குக் காட்டிக்கொடுப்போம். அடிமைப்பட்டவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். சிறிய அளவு கஞ்சா தொடர்பான வழக்கிலிருப்பவர் தாமே சிகிச்சையை நாடினால், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது.

தகப்பனின் பழக்கத்தை அறிந்த ஊர், மகனுக்கு மற்றவர்களினும் முன்னதாகக் கை கொடுக்கட்டும். அதுவே நாம் வேண்டுவது.