பொங்குமாங்கடலும் கைபேசியும்

(பர்யூஷண விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில்நுட்பமும் அன்றாட வாழ்வும் என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளார்கள். இப்பொருள் பற்றி மேடையேறுவோர் பெரும்பாலும் இரு வகையினர். கைபேசியால் உலகம் கெட்டுவிட்டது என்று முழங்கிவிட்டு, மேடையை விட்டு இறங்கியதும் "என் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்தீர்களா?" என்று கேட்பவர் ஒரு வகை. எல்லாம் முன்னேற்றமே என்று கூறி, ஒலிபெருக்கி பழுதானதும் செய்வதறியாது நிற்பவர் மற்றொரு வகை. இவ்விருவரும் விட்டுவைத்த சிறிய இடத்தில் நின்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

தென்காசி வட்டாரத்தினர் தொழில்நுட்பம் அறியாதவர்கள் என்று எவரும் கூற இயலாது. மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்கி வருகிறது. பல நாட்டினர் பயன்படுத்தும் மென்பொருள்கள் பொதிகை மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் உருவாகின்றன. அந்நிறுவனம் 2021இல் செய்திப் பரிமாற்றச் செயலி ஒன்றை வெளியிட்டபோது, அதற்கு 'அரட்டை' என்று பெயர் சூட்டியது. செய்யப்போகும் தொழிலை இவ்வளவு நேர்மையாகப் பெயரிலேயே ஒப்புக்கொண்ட செயலி வேறொன்றை நான் கண்டதில்லை.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், மனிதன் கைபேசியை விட்டுப் பிரிந்து நிற்கும் ஓரிடமாவது உலகில் இருந்தது. அருவிக்கு அடியில் அழைப்பும் கேளாது. அழைத்தவர் கேட்டதற்கு மறுமொழியும் கூற இயலாது. இப்போது அதற்கும் வழி பிறந்துவிட்டது. கழுத்தில் மாட்டிக்கொள்ள நீர் புகாத உறை கடைகளில் தொங்குகிறது. அருவி தலையில் விழ, கைபேசி மார்பில் ஆட, குளிப்பவர் தாம் குளிப்பதைத் தாமே படம்பிடிக்கிறார். முன்பு குளித்தவர் வீடு திரும்பிய பின் பிறரிடம் கூறுவார். இன்று பிறர் அறிந்த பின்னரே அவர் தலையைத் துவட்டுகிறார்.

அவ்வருவியிடமிருந்தே நாம் கற்கவேண்டிய ஒன்று உண்டு. சிற்றாறு மலையுச்சியிலிருந்து நேராக நம் தலைமேல் விழுவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக் குழியில் முதலில் விழுகிறது. அங்கே வேகம் தணிந்து, குழி நிறைந்து, பொங்கி வழிந்த பின்னரே பேரருவியாகக் கீழே இறங்குகிறது. அக்குழி இல்லையேல், குழந்தையைக் கைப்பிடித்து அருவியின் ஓரத்தில் நிறுத்தவும் எவருக்கும் துணிவு வராது.

வெள்ளம் பெருகும் நாளில் அதுவும் போதாது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டும்போது குளிக்கத் தடை விதிக்கிறார்கள். நாமும் முணுமுணுத்தவாறே கட்டுப்படுகிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரெனப் பாய்ந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு சென்றதை இவ்வூர் மறக்கவில்லை. தண்ணீரின் வேகத்தைக் கண்டு அஞ்சக் கற்றிருக்கிறோம். சொல்லின் வேகத்தைக் கண்டு அவ்வாறு அஞ்சுகிறோமா என்பதே என் கேள்வி.

முற்காலத்தில் சொல்லுக்கும் ஒரு பொங்குமாங்கடல் தானாகவே அமைந்திருந்தது. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்தவர், அவர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் நூலாகத் தொகுக்கப்பெற்று இன்றும் படிக்கப்படுகின்றன. கடிதம் எழுத வேண்டுமாயின் அமர வேண்டும், உறையிட வேண்டும், அஞ்சல்பெட்டி வரை நடக்க வேண்டும். சினத்தில் எழுதிய கடிதம் அந்த நடையிலேயே பாதி ஆறிவிடும். இன்று நடப்பதற்கு மருத்துவர் தனியே சீட்டு எழுதித் தரவேண்டியிருக்கிறது.

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். இங்கிருந்து சங்கரன்கோவில் வழியாகச் சென்றால் கழுகுமலை. அங்கே பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அவை உரைப்பன மிகச் சில சொற்களே: இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்த திருமேனி. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரின் பெயர்களும் அவற்றில் உண்டு. கல்லில் பொறிப்பவன் ஒவ்வொரு எழுத்துக்கும் உளியைப் பலமுறை தட்ட வேண்டும். எனவே தேவையற்ற சொல் அங்கு ஏறவில்லை. செய்வித்தவர் பெயரும் மறைக்கப்படவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் யார் பொறுப்பு என்று நம்மால் கூற முடிகிறது. நேற்று மாலை நம் குழுவிற்கு வந்த செய்தியை எழுதியவர் யாரென்று நம்மால் கூற முடியுமா?

இது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. போளூரை உங்களில் பலர் அறிவீர்கள். திருமலை நேமிநாதரைத் தரிசிக்கச் செல்வோர் அறிந்த ஊர். 2018 மே மாதம் போளூருக்கு அருகில், குலதெய்வ வழிபாட்டிற்காகக் காரில் சென்ற குடும்பத்தினர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தனர். குழந்தைகளைக் கடத்தும் கூட்டம் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம் அது. கூட்டம் கூடித் தாக்கியது. 65 வயது மூதாட்டி உயிரிழந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். அடித்தவர்கள் மேல் வழக்குப் பதிவாயிற்று. அவ்வதந்தியை "எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும்" என்று உறவினர்க்கெல்லாம் அனுப்பிவைத்துவிட்டு நிம்மதியாக உறங்கியவர்கள் எத்தனை பேர்?

நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பின்னர், அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு கட்டுப்பாட்டை அறிவித்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய இயலாது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுமைக்கும் விதியாயிற்று. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றானது. பேரருவி ஐந்தருவியாகி, பின்னர் ஓரருவியாயிற்று. நம் நாவையும் விரலையும் நாம் காவாததால், கடல் கடந்த நிறுவனம் ஒன்று நமக்குக் காவல் போட்டது. அடக்கத்தைத் தலையாய அறமாகப் போற்றும் நாட்டிற்கு இது பெருமையன்று.

சமண அறநூல்கள் இவ்விடத்தில் மிக நுட்பமானவை. ஒரு வினை மூன்று வழிகளில் நம்மைப் பற்றும் என்கின்றன: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படுதல். இதனைக் கைபேசிக்குப் பொருத்திப் பாருங்கள். பொய்ச்செய்தியை எழுதுவது செய்தல். "அனைவருக்கும் பகிருங்கள்" என்று தூண்டுவது செய்வித்தல். படித்துப் பாராமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் போடுவது உடன்படுதல். "நான் எழுதவில்லை; வந்ததை அனுப்பினேன்" என்னும் மறுமொழி நீதிமன்றத்தில் செல்லுபடியாகுமா என்பதை வழக்கறிஞர்கள் கூறட்டும். வினைக் கணக்கில் செல்லாது என்பதை இந்நூல்கள் முன்பே கூறிவிட்டன.

நம் இல்லங்களில் தண்ணீரைத் துணியால் வடிகட்டி அருந்தும் வழக்கம் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத சிற்றுயிருக்கும் நம்மால் துன்பம் நேரக்கூடாது என்பது அதன் கருத்து. அவ்வாறு வடிகட்டிய நீரை ஒரு கையில் ஏந்தி, மறு கையால் வடிகட்டாத செய்தியை நாற்பது பேருக்கு ஊற்றிக் கொடுக்கிறோம். சூரியன் மறைந்த பின் ஒரு பருக்கையும் உண்ணாத பெரியவர், நள்ளிரவு வரை பிறர் குறைகளைக் கைபேசியில் மென்றுகொண்டிருக்கிறார். வயிற்றுக்கு விரதம் உண்டு, விரலுக்கு இல்லை.

கைபேசியைத் துறக்குமாறு நான் கூறவில்லை. வெளியூரிலுள்ள பேரக்குழந்தையின் முகத்தை நாள்தோறும் காட்டும் கருவியைத் தூற்ற எந்தப் பாட்டியும் எனக்கு இசைவு தரமாட்டார். நான் வேண்டுவது இடையில் ஒரு குழி மட்டுமே. எந்தச் செய்தி வந்தாலும் ஓர் இரவு நம்மிடம் தங்கட்டும். மறுநாள் காலையில் மூன்று கேள்விகள் கேட்போம். இதைக் கூறியவர் யார்? இது உண்மையென்று எனக்கு எவ்வாறு தெரியும்? இதனால் எவரேனும் துன்புறுவரா? மூன்றுக்கும் விடை கிடைத்தால் அனுப்புவோம். பெரும்பாலான செய்திகள் அந்த ஓரிரவைத் தாங்கமாட்டா. காலையில் அவற்றை அனுப்பும் ஆவலே நமக்கு இராது.

இளைஞர்களுக்கு ஒரு சொல். வீட்டுப் பெரியவர்கள் தவறான செய்தியை அனுப்பினால் குழுவில் அனைவர் முன்பும் திருத்த வேண்டாம். அருகில் அமர்ந்து, "தாத்தா, இதைச் சற்றுப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். கைபேசியை இயக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நீங்கள்தாம். நிறுத்தவும் நீங்களே கற்றுக்கொடுக்க வேண்டும்.

இன்னும் சில நாட்களில் மன்னிப்புக் கோரும் நாள் வருகிறது. 'மிச்சாமி துக்கடம்' என்று பூக்களும் விளக்குகளும் இட்ட வண்ணப் படங்கள் விடியும் முன்பே வந்து குவியும். நாம் எவரிடம் மனத்தாங்கல் கொண்டோமோ அவரும் அந்த முந்நூறு பேரில் ஒருவராக அதே படத்தைப் பெறுவார். அவரும் நமக்கு ஒன்றை அனுப்புவார். இரு கைபேசிகளும் ஒன்றையொன்று மன்னித்துவிடும். இரு மனிதர்களும் கடைத்தெருவில் முகம் திருப்பிக்கொண்டு செல்வார்கள்.

இவ்வாண்டு முந்நூறு பேருக்குப் படம் அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன், அந்த ஒருவர் வீட்டுக்கு மட்டும் நடந்து செல்லுங்கள். தென்காசி பெரிய ஊரன்று. எவர் வீடும் அவ்வளவு தொலைவில் இல்லை.