பெருங்குடி கடலுக்குள் போன நாள்

(பெருங்குடியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் கணினி அறிவியல் ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் பெரும்பாக்கம். 1802 ஏப்ரல் 10 அன்று, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 கி.மீ. அந்த ஒரு கோட்டின் நீளம் தெரிந்தபின், கோணங்களை அளந்தே அடுத்தடுத்த தூரங்களைக் கணக்கிட்டார்கள். கோணத்தைத் தூரமாக்கும் அதே வேலையைத்தான் நம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பைத்தானில் செய்கிறார்கள்.

பூமியின் மையத்திலிருந்து பெருங்குடியை நோக்கி ஓர் அம்பு, நீளம் 1. அட்சம் 13 பாகை, தீர்க்கம் 80 பாகை என்று முழு எண்ணாக வைத்துக்கொள்வோம். அம்பு மேலே எழும் உயரம் சைன் 13. அதுதான் இசட். நிலநடுக்கோட்டுத் தளத்தில் விழும் அதன் நிழல் காஸ் 13. அந்த நிழலை 80 பாகையால் பிரிக்க வேண்டும்: எக்ஸ் = காஸ் 13 × காஸ் 80, ஒய் = காஸ் 13 × சைன் 80. விடை 0.169, 0.960, 0.225. துடைப்பக்குச்சியும் டார்ச் விளக்கும் இருந்தால் இதை வகுப்பிலேயே காட்டிவிடலாம்.

"மூன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டு, 1 வந்தால் சரி" என்று சொல்லியிருந்தேன். ஒரு மாணவிக்கு 1 வந்தது. செய்முறை ஏட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். மறுநாள் வந்து, "சார், எக்ஸும் ஒய்யும் மைனஸ்ல வருது. நம்ம ஊர் எப்படி அந்தப் பக்கம் போகும்?" என்றாள்.

பைத்தான் கோணத்தை ரேடியனில்தான் (ஆரையன்) எடுத்துக்கொள்ளும். அவள் பாகையை அப்படியே கொடுத்திருந்தாள். 13 ரேடியன் என்றால் நான்கு பை போக மீதி சுமார் 24.8 பாகை. 80 ரேடியனோ மேற்கு 96 பாகை. பெருங்குடி மெக்சிகோ வளைகுடாவுக்குள் போய்விட்டது! ஆனால் எந்தக் கோணத்துக்கும் சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் சேர்ந்தால் 1தான். தவறு அவளுடையது மட்டுமல்ல. நான் கொடுத்த சோதனையால் இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது.

பாகையை 180ஆல் வகுத்துப் பையால் பெருக்கியதும் சரியாகிவிட்டது. ஏட்டில் என் கையெழுத்தை அடித்துவிட்டு மறுபடி போட்டேன். இப்போதெல்லாம் கூறுகளிலிருந்து திரும்பவும் கோணத்தைக் கண்டுபிடித்து, 13ம் 80ம் வருகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன்.

உங்கள் ஊர் எண்களையும் அந்தத் தவறான நிரலில் போட்டுப் பாருங்கள். எந்தக் கடலில் விழுகிறது என்று தேநீர் இடைவேளையில் பேசுவோம்.