ஊரை விட்டுப் போனவரைத் தேடும்போது

(முல்லைத்தீவு மாவட்டத்தில் மீள்குடியேறிய குடும்பங்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காணி துப்பரவாக்குவது, கிணறு இறைப்பது, வீட்டுத் திட்டத்துக்குப் பதிவது என்று ஆயிரம் அலுவல்களுக்கு நடுவிலும் நீங்கள் எங்களிடம் கேட்பது, "எங்கட ஆக்கள் எங்கே?" என்பதுதான். 1983க்குப் பின் போனவர்கள் இருக்கிறார்கள். 1990இல் படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் இருக்கிறார்கள். 2009இல் சனநெரிசலில் பிரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடும் வழியைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர். நாங்கள் "கிளியக்கா" என்று கூப்பிட்டவருக்குப் பிறப்புப் பதிவில் வேறு பெயர் இருக்கும். கலியாணத்துக்குப் பின் தகப்பன் பெயர் இருந்த இடத்தில் கணவன் பெயர் வந்திருக்கும். வெளிநாட்டில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகியிருக்கலாம். ஆகவே முழுப்பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், தாய் தகப்பன் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், படித்த பாடசாலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மறந்திருந்தால், அழியாமல் மிஞ்சிய பாடசாலை இடாப்பும் தேவாலயப் பதிவேடும் உதவும்.

இரண்டாவது, கடைசியாகக் கண்ட இடமும் காலமும். திகதி நினைவில்லையா? "தைப்பொங்கலுக்குப் பிறகு", "சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்" என்று சொன்னாலும் போதும். மனிக் பாமில் கண்டதென்றால் இராமநாதனா, அருணாசலமா, கதிர்காமரா, பக்கத்துக் கூடாரத்தில் யார் இருந்தார்கள் என்று யோசியுங்கள். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஆனால் பக்கத்துக் கூடாரத்துக்காரர் இன்று அடுத்த கிராமத்தில் இருக்கலாம்.

மூன்றாவது, எங்கே கொடுப்பது? இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் கொடுங்கள். பிற நாடுகளிலுள்ள சங்கங்களோடு சேர்ந்து அவர்கள் தேடுவார்கள். இந்தச் சேவைக்குக் காசில்லை. "ஆளைக் காட்டுகிறேன், பணம் தாருங்கள்" என்று யார் வந்தாலும் கொடுக்காதீர்கள். தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள்.

ஆள் கிடைத்தாலும், அவர் சம்மதித்த பிறகுதான் விலாசம் உங்களுக்கு வரும். சிலர் பயத்தினாலோ பழைய மனத்தாங்கலினாலோ வேண்டாமென்று சொல்லலாம். அது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் அந்த முடிவு அவருடையது. பதில் வராத காரணத்தால் ஆள் உயிரோடு இல்லை என்று முடிவுகட்டவும் வேண்டாம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் தேடுவதுபோல உங்களையும் யாரோ தேடிக்கொண்டிருக்கலாம். அவர்களிடம் இருப்பது உங்கள் பழைய முகாம் விலாசம். நீங்கள் ஊருக்குத் திரும்பியது அவர்களுக்குத் தெரியாது. ஆகவே முன்பு எங்கேயாவது தேடுதலுக்குப் பதிந்திருந்தால், அங்கே இன்றைய விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். விதானையாரிடமும் உங்கள் குடும்பப் பதிவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இலக்கம் மாறும் ஒவ்வொரு முறையும் மறக்காமல் அறிவியுங்கள்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் இங்கேயே இருப்போம். எழுதக் கஷ்டப்படுகிறவர்கள் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.