ஒரு பேராசிரியரின் நாட்குறிப்பு



மாணவர்களிடம் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று நான் சொல்வதுண்டு. "எழுத என்ன இருக்கு சேர்? காலமை எழும்பிறம், பள்ளிக்கூடம் வாறம், வீட்டுக்குப் போறம்" என்பார்கள். பெருங் காரியங்களை நடத்தியவர்களும் அவர்களுக்கு அருகில் இருந்தவர்களுமே நாட்குறிப்புக்கு உரியவர்கள் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக உண்டு. தமிழில் நாட்குறிப்பு என்றதும் நினைவுக்கு வரும் ஆனந்தரங்கப்பிள்ளை, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷாக அதிகாரத்தின் வாசலிலேயே நின்றவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நாட்குறிப்போ அதிகாரத்தின் வாசலிலிருந்து படிப்படியாகத் துரத்தப்பட்ட ஒரு மனிதருடையது. வீட்டுக் கடன், மனைவியின் சுகவீனம், ஒரு பூனை, ஒரு பழைய கார், உருளைக்கிழங்கு ஆகியவையே அதன் பெரும்பகுதி. ஆயினும் 1933 முதல் 1945 வரை ஜேர்மனியில் அரசியல் எவ்வாறு மாறியது என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டும் நூல் எதையும் நான் படித்ததில்லை.

அவர் பெயர் விக்டர் கிளெம்பரர். 1881 இல் ஒரு யூத மதகுருவின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே புரட்டஸ்தாந்து கிறிஸ்தவரானார். ஈவா என்ற இசைவாணியை 1906 இல் மணந்தார், அவர் யூதரல்லர். முதலாம் உலகப் போரில் தாமாகவே படையிற் சேர்ந்து போர்முனைக்குச் சென்றார். 1920 இல் டிரெஸ்டன் நகரத் தொழில்நுட்ப உயர்கல்லூரியில் பிரெஞ்சு முதலான மொழிகளின் பேராசிரியரானார். வொல்டயரும் மொன்டெஸ்கியூவும் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டே அவருடைய துறை. தம்மை அவர் யூதர் என்று நினைத்தவரல்லர். ஜேர்மனியர் என்றே கருதினார். கடைசிவரை அப்படியே கருதினார் என்பதுதான் இந்த வரலாற்றின் வேதனை.

1933 ஜனவரி 30 ஆம் திகதி ஹிட்லர் பதவிக்கு வருகிறார். அந்த ஏப்ரலிலேயே யூதர்களை அரசாங்க சேவையிலிருந்து அகற்றும் சட்டம் வந்துவிட்டது. போர்முனையில் நின்றவர் என்ற சலுகையால் நமது பேராசிரியர் தப்புகிறார். வகுப்புக்கு வரும் மாணவர் தொகை குறைந்து, விரல்விட்டு எண்ணக்கூடியதாகிறது. 1935 இல் பதவி பறிபோகிறது. இதற்கிடையில் அவர் செய்தது என்ன தெரியுமா? நகருக்கு வெளியே டோல்ஷன் என்ற இடத்தில் வீடு கட்டினார்! 1936 இல் கார் ஓட்டப் பழகி, பழைய ஒப்பல் கார் ஒன்றும் வாங்கினார். வீட்டுக் கடனும் காரின் பழுதுகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. இந்தப் பகுதியை வாசிக்கையில் சற்றுச் சலிப்புத் தட்டும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் சலிப்புத் தட்டும் அந்த வாழ்க்கைதான் பின்னர் துண்டு துண்டாகப் பறிக்கப்படப் போகிறது. சீமெந்துக் கணக்கை நம்மோடு பகிர்ந்துகொண்ட மனிதரிடமிருந்து அந்த வீட்டைப் பறிக்கும்போது, நம் வீடே போனதுபோல் இருக்கிறது.

பறித்த முறையைப் பாருங்கள். 1936 இல் நூலகத்தின் வாசிப்பு மண்டபத்துக்குள் நுழையத் தடை. 1938 டிசம்பரில் நூலகம் முற்றாக அடைபட்டது. அதே மாதம் கார் ஓட்டும் உரிமையும் இரத்தாயிற்று. 1940 இல் சொந்த வீட்டை விட்டு, யூதர்களை அடைத்து வைத்த வீடுகளில் ஒன்றுக்குப் போகவேண்டியதாயிற்று. 1941 செப்டெம்பர் 19 முதல் மார்பில் மஞ்சள் நட்சத்திரம். அதே ஆண்டில் தட்டெழுத்துப் பொறியும் போயிற்று. வானொலி, தொலைபேசி, துவிச்சக்கர வண்டி, புகையிலை, பூக்கள் வாங்குதல் என்று தடைகளை ஒருநாள் உட்கார்ந்து பட்டியலிடுகிறார். 1942 மே மாதத்தில் யூதர் வளர்ப்புப் பிராணிகள் வைத்திருத்தல் ஆகாது என்ற ஆணை வந்தது. கிளெம்பரர் வீட்டில் முஷெல் என்றொரு பூனை இருந்தது. பிறரிடம் கொடுக்கவும் அனுமதியில்லை. அதிகாரிகள் கையில் ஒப்படைக்க மனமில்லாமல் ஈவா அதை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் உயிர் போக்குவித்தார். பேரழிவைக் கூறும் வரலாற்று நூல்களில் ஒரு பூனைக்கு இடமிராது. ஆனால் ஓர் அரசு, கிழத் தம்பதியரின் பூனைவரை எண்ணிப்பார்த்துச் சட்டம் இயற்றியது என்பதை நாட்குறிப்பு அல்லவா நமக்குச் சொல்கிறது!

இத்தனைக்கும் நடுவில் அவர் ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தார். மக்கள் உண்மையில் என்ன நினைக்கிறார்கள்? கடைக்காரர் சொன்னது, தெருவில் போனவர் முணுமுணுத்தது எல்லாவற்றையும் குறித்துவைக்கிறார். ஒருவர் இரகசியமாகக் கை குலுக்குகிறார். இன்னொருவர் வண்டியிலிருந்து திட்டிவிட்டுப் போகிறார். இந்த ஆட்சி நெடுநாள் நில்லாது என்று ஒருநாள் எழுதுகிறார். மறுநாள் நம்பிக்கை இழக்கிறார். எது மக்கள் குரல் என்று அவரால் முடிவுகட்ட இயலவில்லை. பத்திரிகை ஆசிரியர்கள் ஒரே மாலையில் மக்கள் தீர்ப்பை எழுதிவிடுகிறார்கள். பன்னிரண்டு ஆண்டு காதைத் தீட்டி வைத்திருந்தவருக்கு அது கைகூடவில்லை.

நூலகம் மூடப்பட்டதும் பிரெஞ்சு இலக்கிய வரலாறு எழுதும் வேலை நின்றுபோயிற்று. படிப்பதற்கு நூல் இல்லாத பேராசிரியர், தம்மைச் சூழ்ந்திருந்த மொழியையே நூலாக்கிக்கொண்டார். மேடைப் பேச்சு, பத்திரிகை, மரண அறிவித்தல், தொழிற்சாலைப் பேச்சு எல்லாம் அவருக்கு ஏடுகளாயின. தமிழாசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி இதுவே.

சொற்கள் பொருள் மாறுவதை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். 'நாற்றம்' என்பது முன்னர் மணத்தைக் குறித்தது. இன்று துர்நாற்றத்தைக் குறிக்கிறது. இது இழிபொருட் பேறு. 'களிப்பு' கள்ளுண்டவனின் மயக்கத்திலிருந்து மகிழ்ச்சியாக உயர்ந்தது. அது உயர்பொருட் பேறு. இவை நூற்றாண்டுக்கணக்கில், எவரும் ஆணையிடாமல் நடந்தவை. கிளெம்பரர் கண்டது வேறு. 'ஃபனாற்றிஷ்' என்ற சொல் வெறிபிடித்த என்ற பொருளில் ஜேர்மன் மொழியில் இழிசொல்லாக வழங்கியது. அவருடைய வொல்டயருக்கு மதவெறியே முதற் பகைவன். அதே சொல் சில ஆண்டுகளுக்குள் புகழ்மொழியாயிற்று. வெறிகொண்ட விசுவாசம், வெறிகொண்ட வீரம் என்று பாராட்டத் தொடங்கினர். பிறப்பு, இறப்பு அறிவித்தல்களில் நட்சத்திரமும் சிலுவையும் போய்ப் பழங்காலக் குறிகள் வந்தன. மனிதர்களைக் கொண்டுபோய்க் கொல்வதற்கு அலுவலகப் பதிவேட்டில் எழுதத்தக்க சாதுவான சொற்கள் கிடைத்தன.

இவற்றைவிட என் மனதிற் தைத்தது ஒரு சிறு சம்பவம். கிளெம்பரர் கட்டாய உழைப்பாளியாகக் கடித உறை செய்யும் ஆலையில் வேலை செய்தார். அங்கே ஒரு பெண் தொழிலாளி அவர்மீது இரக்கங்கொண்டவர். விதிகளை மீறிப் பேச்சுக் கொடுப்பார். ஈவா நோயுற்றிருந்தபோது அவருக்கென்று ஒரு அப்பிள் பழமும் கொடுத்தார். அந்த நல்ல மனசுக்காரி ஒருநாள் ஆச்சரியத்தோடு கேட்கிறார், உங்கள் மனைவி ஜேர்மன்காரியாமே, உண்மையா என்று. கிளெம்பரர் ஜேர்மனியர் அல்லர் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவர் யாரையும் வெறுத்தவரல்லர். வெறுப்பவர்களின் சொல்லகராதி மட்டும் அவர் நாவில் ஏறியிருந்தது. தீயவர்களின் சுவரொட்டிகளைப் படித்தபோது எனக்கு இத்தனை அச்சம் உண்டாகவில்லை.

எழுதிய தாள்களை ஈவா சிறிது சிறிதாகப் பீர்னா நகரிலிருந்த ஒரு பெண் மருத்துவரிடம் கொண்டுபோய் ஒளித்துவைத்தார். அகப்பட்டிருந்தால் எழுதியவர், சுமந்தவர், காத்தவர் மூவருக்கும் மரணமே. 1945 பெப்ரவரி 13 பகலில், எஞ்சியிருந்த யூதர்களுக்கு நாடுகடத்தல் அறிவித்தல்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிளெம்பரருக்கு இடப்பட்டது. அன்றிரவு நேச நாட்டு விமானங்கள் டிரெஸ்டன் மீது குண்டு மழை பொழிந்தன. இருபத்தையாயிரம் பேர்வரை மாண்டதாக வரலாற்றறிஞர் குழுவொன்று 2010 இல் முடிவு கூறியது. அந்தத் தீயும் குழப்பமும் இவர்களைக் காப்பாற்றின. மஞ்சள் நட்சத்திரத்தை அகற்றிவிட்டுக் கணவனும் மனைவியும் அகதிகளோடு கலந்து பவேரியாவுக்குத் தப்பினர். தம்மவர் இறந்த இரவே தம் உயிர் தப்பிய இரவு என்பதை எந்த மனம் எப்படித் தாங்கும்? அவர் அதை அலங்காரமின்றி எழுதுகிறார்.

போர் முடிந்தபின் கதை எளிதாகவில்லை. அவ்வாண்டு இறுதியில் பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்தார். கிழக்கு ஜேர்மனியில் மீண்டும் பேராசிரியர், 1950 முதல் பாராளுமன்ற உறுப்பினர், பரிசுகள், கௌரவங்கள். ஆனால் நாட்குறிப்பில், 1945 இலேயே, புதிய ஆட்சியின் பேச்சிலும் பழைய தொனி கேட்கிறதென்று குறிக்கத் தொடங்குகிறார். பகலில் மேடை, இரவில் சந்தேகம். இதை இரட்டை வேடம் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லத் தயங்குவேன். பன்னிரண்டு வருடம் எல்லாக் கதவும் அடைபட்டிருந்த முதியவருக்கு ஒரு கதவு திறந்தபோது, உள்ளே போனார். போனவர் காதை மூடிக்கொள்ளவில்லை. எனினும் அந்தச் சந்தேகங்களைத் தம் வாழ்நாளில் அவர் வெளியிடவில்லை என்பதும் உண்மை. 1960 இல் காலமானார். ஹிட்லர் காலத்து நாட்குறிப்புகள் இரு பெருந் தொகுதிகளாக அச்சேறியது 1995 இல், ஜேர்மனி ஒன்றுபட்ட பிறகு.

வாழ்நாளிலேயே வெளிவந்தது மொழி பற்றிய குறிப்புகளைத் திரட்டிய நூல்தான்: 1947 இல் வெளியான 'எல்.ரி.ஐ.' மூன்றாம் ரைக்கின் மொழி என்று பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை. சுருக்கெழுத்துப் பெயர்களில் அந்த ஆட்சி கொண்டிருந்த மோகத்துக்கு அவர் செய்த கேலி. இந்நூல் எழுதத் தூண்டியது எது என்பதையும் அதன் இறுதியில் சொல்கிறார். பவேரியக் கிராமத்தில் அகதியாக இருந்தபோது, பேர்லினிலிருந்து வந்த ஒரு தொழிலாளப் பெண்ணைச் சந்தித்தார். அவர் ஓராண்டு சிறையில் இருந்தவர். எதற்காகச் சிறை சென்றீர்கள் என்று பேராசிரியர் வினவினார். சில சொற்களைச் சொன்னதற்காக என்றார் அந்தப் பெண்.