கொழுந்தின் மணமும் கசாயத்தின் இனிப்பும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நாமெல்லோரும் தேயிலை வாசத்தில் வளர்ந்தவர்கள். ஆனால் மலையில் நிற்கும் பச்சைக் கொழுந்தை முகர்ந்தால் அந்த வாசம் வராது. லினலூல், ஜெரானியோல் போன்ற மணப்பொருள்களில் பெரும்பகுதியை இலை சர்க்கரையோடு பிணைத்து வைத்திருக்கிறது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி உருட்டும்போது கலங்கள் உடைகின்றன; நொதியம் அந்தப் பிணைப்பை அறுக்கிறது; மணம் விடுபடுகிறது. கொழும்பு ஏலத்தில் விலை போவதில் அந்த மணத்துக்கும் பங்குண்டு.

இப்படிச் சர்க்கரையோடு பிணைந்தவற்றை இரசாயனவியலில் கிளைக்கோசைட்டு என்பார்கள். மருந்திலும் அவை உண்டு. டிஜிட்டாலிஸ் இலை உடல் வீக்கத்தைக் குறைப்பதை 1785 இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் எழுதி வெளியிட்டார். அந்த இனச் செடியிலிருந்து 1930 இல் பிரித்தெடுத்த டிகொக்சினை இன்றும் இதய நோயாளருக்குக் கொடுக்கிறோம். அதன் மூலக்கூறில் மூன்று சர்க்கரைகள் கோத்திருக்கின்றன. வழக்கமான மாத்திரை 0.25 மில்லிகிராம்தான். அளவு சற்று மிஞ்சினாலும் வாந்தி வரும், இதயத்துடிப்பு தடுமாறும்.

அதிமதுரத்தின் இனிப்பும் ஒரு கிளைக்கோசைட்டே, பெயர் கிளிசிரைசின். மிட்டாய்க்கும் இருமல் மருந்துக்கும் சேர்க்கிறார்கள். நாள்தோறும் அதிகம் குடித்தால் இரத்த அழுத்தம் கூடும், பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் டிகொக்சினின் சரியான அளவே நஞ்சாகலாம்.

இருமல் வந்தால் லயத்தில் கசாயம் வைப்பது அம்மாயி காலத்து வழக்கம். அதைக் குறைசொல்ல நாம் வரவில்லை. ஆனால் கிளினிக்கில், "வேறு மருந்து ஏதும் குடிக்கிறீர்களா?" என்று கேட்டால், "இல்லைங்க டொக்டர்" என்றே பதில் வரும். கசாயம் அவர்கள் கணக்கில் மருந்தல்ல. சொன்னால் ஏசுவார்களோ என்ற பயமும் உண்டு.

மருத்துவராகவும் தாதியராகவும் போன நாம் கேட்கும் விதத்தை மாற்றுவோம். "வீட்டில் என்ன கசாயம் வைத்தீர்கள்?" என்று முகம் சுளிக்காமல் கேட்போம். தூர தேசத்தில் இருக்கும் அக்கா தங்கைமாரே, அம்மாவோடு பேசும்போது ஒன்று சொல்லுங்கள்: கிளினிக் போகும் பையில் மாத்திரையோடு அந்தக் கசாயச் சரக்கையும் எடுத்துப் போகட்டும்.