கோணமலைக்கு ஒரு நாள்

(நமது மன்றப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வாண்டு மன்றத்தார் நடத்தவிருக்கும் திருக்கோணமலை யாத்திரையைப் பற்றிச் சில வார்த்தை பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். செயற்குழுவினர் எழுதி வைத்திருக்கும் நிகழ்ச்சி நிரலையும் காட்டினார். காலையில் கோணேசர் கோயில். அதன்பின் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். மதியம் நிலாவெளிக் கடற்கரை. நேரம் இருப்பின் படகேறிப் புறாத்தீவு. மாலையில் பட்டணத்துக் கடைத்தெரு. இரவு பத்து மணிக்கு வீடு. இதிற் கோணேசர் கோயிலுக்கு ஒதுக்கியிருப்பது ஒரு மணி நேரம். தம்பிமார் என்மேற் கோபிக்கலாகாது. அந்த நிரலின் முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிட வேண்டும் என்று கேட்கவே நான் எழுந்து நிற்கிறேன்.

கன்னியா குறைந்த தலம் என்று நான் சொல்லவில்லை. ஏழு கிணறுகளிலும் வெந்நீர் ஊறுவதும், ஒவ்வொன்றிலும் வெம்மை வேறுபடுவதும், தன் தாய்க்கு இராவணன் ஈமக்கடன் செய்த இடம் அது என்று நம் முன்னோர் நம்பி வந்ததும் யாவரும் அறிந்தவை. அதற்கு வேறொரு நாள் போகலாம். ஆனால் கோணமலையை ஒரு மணி நேரத்தில் பார்ப்பது என்பது, வீட்டுக்காரரைக் காணாமல் படலையைத் தொட்டுவிட்டுத் திரும்புவது போன்றது.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? ஈழத்திலே தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே. ஒன்று மன்னார்ப் பகுதியிலுள்ள திருக்கேதீச்சரம்; மற்றையது நமக்கு ஏறத்தாழ நாற்பது மைல் வடக்கே கடலை நோக்கி நிற்கும் கோணமாமலை. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் அதனைப் பாடினார். பிற்காலத்தில் அருணகிரிநாதரும் பாடினார். அத்தகைய மலையுச்சியில் இருந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவின் காலத்திலே, 1622 முதல் 1624 வரையான ஆண்டுகளில், இடித்துத் தள்ளினார்கள். இடித்ததோடு நிற்கவில்லை, அந்தக் கற்களைக் கொண்டே மலையடியிற் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். அவர்கள் 1803இல் இட்ட பிரெட்றிக் கோட்டை என்ற பெயரே இன்றும் வழங்குகிறது.

ஆகவே கோயிலுக்குப் போகும் நாம் முதலிற் காண்பது கோபுரம் அன்று, கோட்டை வாயில். பஸ் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வாயிலின் கல்லை அண்ணாந்து பாருங்கள். பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்திருக்கிறது. பக்கத்தே பழந்தமிழ்க் கல்வெட்டொன்றின் உடைந்த துண்டும் இருக்கிறது. குளக்கோட்டன் செய்த திருப்பணியையும் அது பின்னர் அழியவிருப்பதையும் சொல்வதாகக் கூறப்படும் கல்வெட்டு அதுவே. கோயிற் கல் கோட்டைக் கல்லானதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மலையேறி இறங்குகிறவன் அந்த வாயிலை ஓட்டமாகக் கடந்து போவான். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும், அந்தக் கல்லின் கீழ்ப் பத்து நிமிடம் நிற்பதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்லுகிறேன். கோயிலை இடித்த பின்பு மலையில் என்ன இருந்தது? வெறும் பாறையே இருந்தது. படையினர் இருந்தனர். ஆனால் வழிபாடு நிற்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு வந்த ஆங்கிலேயர் சிலர் தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தி வேளையில் குருக்கள் பாறையின் விளிம்புக்கு இறங்குவார். கீழே முந்நூறு அடிக்கு மேற்பட்ட செங்குத்தும் அலையும் கிடக்கும். அவர் அங்கே நின்று கடலை நோக்கிப் பூவைத் தூவித் தேங்காய் உடைத்துக் கர்ப்பூரம் காட்டுவார். பின்னால் அடியார்கள் கைகூப்பி நிற்பார்கள். மூலமூர்த்தி இல்லை, மண்டபம் இல்லை, மணியும் இல்லை. கோயில் இல்லாத மலைக்கு நம்மவர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போய் வந்திருக்கிறார்கள். அவர்களுள் நம் பக்கத்தவரும் இருந்திருப்பர் என்றே நான் நம்புகிறேன்.

1950ஆம் ஆண்டிலே பட்டணத்திற் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன், பிள்ளையார் என்று அக்காலத்தவர் புதைத்துக் காத்த மூர்த்தங்கள் மீண்டும் பூசை பெற்றன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன் என்னும் இருவர் மலையடிக் கடலுள் மூழ்கி, விழுந்து கிடந்த கோயிற் கற்றூண்களைக் கண்டார்கள். 1963ஆம் ஆண்டு மார்ச் மாதம் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நிறைவேறியது. நாம் இன்று வணங்கும் கோயில் அதுவே. கட்டடம் புதிது, இடமும் வழிபாடும் மிகப் பழையன. இதைத் தெரிந்துகொண்டு போகிறவனுக்கும் தெரியாமற் போகிறவனுக்கும் கண்ணிற்படுவது ஒன்றே ஆயினும் காட்சி வேறு.

போகும் வழியில் ஒல்லாந்தப் பெண் பிரான்சினாவின் கதையை யாராவது சொல்லுவார்கள். காதலன் கப்பலேறிப் போய்விட, அவள் இப்பாறையிலிருந்து குதித்தாளாம். 1687ஆம் ஆண்டு பொறித்த தூணும் உண்டு. தம்பிமாருக்கு இக்கதை மிகவும் பிடிக்கும். ஒல்லாந்தப் பதிவுகளோ அவள் அதன் பின்னும் உயிரோடிருந்து வேறு மணம் புரிந்ததாகக் கூறுகின்றன! இராவணன் வெட்டைப் பார்க்கச் சற்று அதிக நேரம் கொடுங்கள். பாறை பிளந்து கீழே கடல் தெரியும் அவ்விடத்தில் எட்டிப் பார்க்கச் சிறுபிள்ளைகளைத் தனியே விடலாகாது.

மேலே நின்று திரும்பிப் பாருங்கள். காலடியில் பட்டணம், இரு பக்கத்தும் குடாக்கள், அப்பால் உலகம் மெச்சும் இயற்கைத் துறைமுகம், தெற்கே கொட்டியாரக் குடா, அதன் மறுகரையில் மூதூர். மலைநாட்டிற் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை அந்தக் குடாவிலேதான் கடலைச் சேர்கிறது. அதன் கிளை ஒன்று பிரிந்து நம் பக்கம் வருகிறதே, அதுதான் நமது வெருகல் ஆறு. சித்திரவேலாயுதர் சந்நிதிக்கு அருகே நாம் முழுகும் தண்ணீரும் கோணேசர் முன் கடலிற் கலக்கும் தண்ணீரும் ஒரே கங்கையின் தண்ணீர். கரையை அடுத்தே மிக ஆழமான கடற்பள்ளம் இருத்தலால், காலம் வாய்த்தால் நீலத் திமிங்கிலம் நீர் பீச்சுவதையும் மலையில் நின்றே காணலாம்.

எப்போது போவது? ஐப்பசி முதல் தை வரை மழை. மாசிச் சிவராத்திரியை ஒட்டிப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் முதியோர் நிற்க இடம் கிடையாது. மாரி வெள்ளாமை வெட்டிக் கையிற் சிறிது காசு புழங்கும் காலம், சித்திரைப் பிறப்புக்கு முன்னே, திருவிழா இல்லாத ஒரு நாள் நல்லது. அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் மலையில் இருக்கலாம். பத்து மணிக்குமேல் வெறுங்காலால் அந்தக் கல்லில் நடப்பது பெரிய தவம்! கட்டுச்சோறு வாழையிலையிற் கட்டுவோம், பொலித்தீன் வேண்டாம். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் அதைத் தின்று மடிவதுண்டு.

இனி யார் போவது என்ற கேள்வி. இதற்காகத்தான் நிரலைக் குறைக்கச் சொன்னேன். புறாத்தீவுப் படகுக் கூலியும் அங்கு நுழையக் கட்டும் பணமும் நிலாவெளி ஓட்டமும் இல்லையானால் செலவு வெகுவாய்க் குறையும். அந்தப் பணத்தில் நம் ஊர் முதியோரைக் கூட்டிச் செல்லலாம். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் ஆண்டுதோறும் கோணமலைப் பக்கமிருந்து வெருகல் கடந்து நம் ஊர் வழியே வருகிறார்கள். அவர்களுக்கு மோரும் சோறும் கொடுத்த கைகள் இந்தச் சபையில் எத்தனையோ உண்டு. ஆனால் அவர்கள் வந்த திசையில் ஒருமுறையேனும் போயிராத அம்மாமார் சிலரும் இங்கே இருக்கிறார்கள். முன்பு ஆற்றுக்கு ஆறு ஓடத்துக்குக் காத்திருக்க வேண்டும். பின்பு போர் வந்தது. 2006ஆம் ஆண்டிலே மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்றுப் பகுதி மக்கள் உயிரைக் கையிற் பிடித்துக்கொண்டு இதே வீதியால் நம்மிடம் வந்தார்கள். நவம்பர் 8ஆம் நாள் அவர்கள் தங்கியிருந்த நம் பாடசாலையில் எறிகணை விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பின்னர் நாமும் ஊரைவிட்டுப் போனோம். அந்த ஆண்டுகளிலே கோணமலை யாத்திரையைப் பற்றி யார் நினைக்க முடியும்? 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. வெருகலிலும் பாலம் வந்தது. பாதை இருக்கிறது, நடக்க இயலாத வயது அவர்களுக்கு வந்துகொண்டிருக்கிறது.

ஆதலின் என் வேண்டுகோள் இது. ஐம்பது இருக்கையில் இருபதை அறுபது வயது கடந்தோருக்கு முதலிலேயே ஒதுக்குங்கள். அவர்களிடம் காசு கேட்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு தம்பியோ தங்கையோ துணையாக நின்று, கைபிடித்து ஏற்றி, நிழலில் இருத்தி, பூசை முடியும்வரை உடனிருக்க வேண்டும். அவர்கள் அவசரமின்றி இருக்க விரும்பினால் பஸ் வண்டி காத்திருக்கட்டும். கடற்கரை பார்க்கும் ஆசையுள்ள இளைஞர் இன்னொரு நாள் தம் செலவிற் போகட்டும், நானும் வருகிறேன்.

கோணமாமலைப் பதிகத்தை எல்லோரும் மனனஞ் செய்து சந்நிதியில் ஒருமிக்கப் பாட வேண்டும் என்பது என் ஆசை. வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஆலய மண்டபத்தில் பயிற்சி தொடங்கும். யாத்திரைக்கு வர விரும்பும் பெரியோர் பெயரை அன்றைக்கே செயலாளரிடம் பதிந்துகொள்ளலாம். வரமுடியாதவர்களின் வீட்டுக்கு மன்றத்துப் பிள்ளைகள் வந்து கேட்பார்கள்.