ஒன்றேகால் கிலோ கேமரா

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



"அச்சங்குளத்துக்காரனுக்கும் செவ்வாய்க்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கீழே ஒரு அண்ணாச்சி கேட்டார். நியாயம்தான். நான் விஞ்ஞானி இல்லை, பௌதிக வாத்தியார். வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், அமெரிக்காக்காரன் ஹைரைஸ் கேமராவில் ஒரு புள்ளிக்கு 30 சென்டிமீட்டர் தெரியுதாம். நம்ம மங்கள்யானுக்கு 20 மீட்டர்தானாம். நாம தோத்துட்டமா?"

சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டேன்.

ஹைரைஸின் எடை 65 கிலோ, கண்ணாடியே அரை மீட்டர் அகலம். மங்கள்யானிலோ ஐந்து கருவிகளுக்கும் சேர்த்தே 15 கிலோதான். அதில் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் செய்த கேமராவின் பங்கு 1.27 கிலோ. நம்ம ஊர்த் தராசில் ஒன்றேகால் கிலோ! குவியத்தூரம் 105 மில்லிமீட்டர். உணரியில் 2048-க்கு 2048 கட்டங்கள், ஒவ்வொன்றும் 5.5 மைக்ரான். 5.5 மைக்ரானை 105 மில்லிமீட்டரால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். 372 கிலோமீட்டரில் 19.5 மீட்டர் வரும்.

அந்தக் கட்டங்களுக்கு நிறம் தெரியாது. மேலே வடிகட்டி வைக்கிறார்கள்: நாலு கட்டத்தில் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. நம்ம பட்டாசில் ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம் தருகிற மாதிரி, அங்கேயும் இந்த மூன்றை வைத்துத்தான் எல்லா நிறமும்.

சரி, பையன் கேள்விக்கு வருகிறேன். 2014 செப்டம்பர் 24-இல் மங்கள்யான் நுழைந்தது நீள்வட்டப் பாதை. கிட்டத்தில் சுமார் 422 கிலோமீட்டர், எட்டத்தில் 76,993. அந்த எட்டத்தில் ஒரு புள்ளிக்கு 4 கிலோமீட்டர். மட்டமான படம் என்பீர்கள். 2048-ஐ நாலால் பெருக்கினால் எட்டாயிரத்துச் சொச்சம். செவ்வாயின் குறுக்களவு சுமார் 6,780. முழுக் கோளும் ஒரே சட்டத்துக்குள் உட்கார்ந்துவிடுகிறது! ஹைரைஸுக்கு ஆறு கிலோமீட்டர் அகலப் பட்டைதான். டெய்மோஸ் சந்திரனுக்கும் அப்பால் போய்வந்ததால், அதன் மறுபக்கத்தையும் நம்மது படம் எடுத்தது.

திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர். ஆறு மாதத்துக்கென்று அனுப்பிய கலம் 2022 வரை தாங்கியது.

மறுநாள் இதையெல்லாம் கரும்பலகையில் எழுதினேன். பையன் யோசித்து, "அப்ப நம்மது குரூப் போட்டோ கேமரா, சார்" என்றான்.

போட்டோக்காரர் வாசலில் பெஞ்சு போட்டுக் காத்திருக்கிறார்.